பாப்லர் தெருவின் புல்

ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை அப்பா புல் வெட்டவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கோடைக்கால வியாழக்கிழமைகள் ஒரே மாதிரிதான் தொடங்கும். இரவுப் பனி காயும் வரை அப்பா காத்திருப்பார். பிறகு கொட்டகைக் கதவு கிறீச்சிடும். புல்வெட்டும் வண்டி இருமி இருமிக் கிளம்பும். வெட்டுண்ட புல்லின் வாசனை ஜன்னல் வழியே சமையலறைக்குள் வந்து காபி வாசனையோடு கலக்கும். எங்கள் வீட்டு முன்புறம், பின்புறம் முடிந்ததும் அப்பா வண்டியை நிறுத்த மாட்டார். பக்கத்தில் இரண்டு காலி மனைகள் இருந்தன. ஒரு காலத்தில் அங்கே வீடுகள் நின்றன. கார் எஞ்சினுக்குப் பிஸ்டன் வளையம் செய்யும் தொழிற்சாலை மூடியபோது அந்த வீட்டு ஆட்கள் போய்விட்டார்கள். கூரைகள் உள்ளே விழுந்தன. நகராட்சி வந்து இடித்து, மண்ணைத் தள்ளிச் சமமாக்கிவிட்டுப் போனது. அந்த மனைகள் எங்களுடையவை அல்ல. நாங்கள் இருந்த வீடே வாடகை வீடு. ஆனாலும் அப்பா அங்கேயும் வெட்டுவார்.

"வாய்க்குள்ள பல்லு விழுந்த மாதிரி தெரு இருக்கக் கூடாது கொரின்," என்பார்.

வருஷக்கணக்கில் வெட்டி வெட்டி அந்த இடம் பூங்காவைப் போல ஆகியிருந்தது. கோடுகள் அத்தனை நேராக இருக்கும். ஒன்று வெளிர் பச்சை, அடுத்தது அடர் பச்சை. மேலே விமானத்தில் போகும் யாரோ ஒருவர் குனிந்து பார்த்து, இங்கே பெரிய பணக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார் என நான் சிறுமியாக இருந்தபோது கற்பனை செய்வேன்.

அந்த வியாழக்கிழமை அப்பா தொப்பி போட்டிருந்தார். புல் கறை படிந்த காலணியும் போட்டிருந்தார். ஆனால் வாசல் வராந்தா நாற்காலியில் முழங்கால்கள் மீது கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். பேருந்துக்குக் காத்திருப்பவர் போல.

"வாண்டாகிட்ட ஒத்துக்கிட்டேன்ல," என்றார் என்னைப் பார்க்காமல். "ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான்."

எல்லாம் ஒரு பட்டியலில் தொடங்கியது. போன இலையுதிர் காலத்தில் எங்கோ தூரத்தில் அச்சாகும் ஒரு பத்திரிகை, குறைந்த செலவில் வாழக்கூடிய சின்ன நகரங்களை வரிசைப்படுத்தியது. அதில் எங்கள் கெல்லர்டன் மூன்றாவதாக வந்தது. இந்தியானா மாநிலத்திலேயே பாதிப் பேருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. நகராட்சி சந்தோஷம் தாங்காமல் கடைத்தெருவுக்குக் குறுக்கே பெரிய துணி ஒன்றைக் கட்டியது. 'வாருங்கள், உங்கள் பணம் இங்கே நீண்ட தூரம் வரும்' என்று அதில் எழுதியிருந்தது. நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன், நோயாளிகளுக்கு உப்பில்லாத உணவைத் தட்டில் அடுக்கும் வேலை. அங்கே எல்லோரும் அந்தத் துணியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "என் பணம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும்கூட வரமாட்டேங்குதே," என்றாள் எங்கள் சமையல்காரி.

குளிர்காலம் முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. வெளி மாநில எண் கொண்ட கார்கள் மெதுவாக, மிக மெதுவாக, தெருக்களில் போயின. காலை உணவுக் கடையில் விலைப் பலகையைக் கழற்றிவிட்டுச் சாக்கட்டியால் எழுதும் பலகை மாட்டினார்கள், அடிக்கடி அழித்து எழுத வசதியாக. எங்களுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டு வாடகை அறுநூற்றைம்பதிலிருந்து ஆயிரத்து நூறானது. அதே வீடுதான். கதவுக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்காரர் கிரெப்ஸ் இறந்துபோனார். பாப்லர் தெருவில் மிஞ்சியிருந்த ஐந்து வீடுகளும் அவருடையவைதான். பல வருஷங்களாக அவர் எங்களுக்கு வாடகையை ஏற்றவே இல்லை. கூரைத் தகரம் ஒழுகினால் அப்பாவே ஏறிச் சரிசெய்துவிடுவார், அவரைக் கூப்பிடமாட்டார். வாடகையை ஏற்றாதது அதற்கு அவர் செய்த மரியாதை. அவருடைய மகள் ஷெரி அரிசோனாவிலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் என்னைவிடச் சில வகுப்புகள் மேலே படித்தவள். பேச்சைத் தொடங்கும்போதே அழுதாள்.

"அப்பாவோட ஆஸ்பத்திரி பில்லு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு கொரின். விக்காம நான் என்ன பண்ணட்டும் சொல்லு. அஞ்சையும் சேத்து வாங்கிக்கிறேன்னு ஒரு பொண்ணு கேக்குது. மரிஸான்னு பேரு. ரொம்ப நல்ல மாதிரி பேசுது."

"நல்ல மாதிரின்னா வாடகை ஏத்த மாட்டாங்களா?"

"அங்க எல்லாருமே ஏத்திட்டாங்களேம்மா," என்றாள், மன்னிப்புக் கேட்பது போல.

எங்கள் வீட்டை நாங்களே வாங்க முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பார்த்தேன். அங்கிருந்த இளைஞன் மிகவும் பணிவாகப் பேசினான். மேசையிலிருந்த கிண்ணத்திலிருந்து புதினா மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொன்னான். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன், அப்பாவுக்கும் சேர்த்து. அங்கிருந்து கிடைத்தது அவ்வளவுதான். வேறு வாடகை வீடு தேடினேன். பெரிய நகரத்தில் கட்டுப்படியாகாதவர்கள் கெல்லர்டனுக்கு வருகிறார்கள். கெல்லர்டனில் கட்டுப்படியாகாதவர்கள் எங்கே போவார்கள் என்று அந்தப் பத்திரிகை எழுதவில்லை.

புல் விஷயம் வாண்டாவின் யோசனை. வாண்டா பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பேருந்து நிறையக் குழந்தைகளை ஒரே அதட்டில் உட்காரவைக்கும் குரல் அவளுக்கு. மே மாதக் கடைசியில் ஒரு மாலை எங்களைத் தன் வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு குளிர்ந்த பியரைக் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பொம்பளை எதுக்கு நம்ம தெருவப் பாத்து மயங்குறா? ஷெரி அனுப்பின போட்டோவப் பாத்து. போட்டோல என்ன இருக்கு? வீடா இருக்கு? வீடெல்லாம் பெயிண்டு உரிஞ்சு கெடக்கு. புல்லு இருக்கு. அவ்ளோதான்." அப்பாவை நோக்கி விரலை நீட்டினாள். "லைல் ஹட்சல், நீதான்யா நம்மள வித்துக்கிட்டு இருக்கே."

"நான் புல்லுதானே வெட்டினேன்," என்றார் அப்பா.

"அதத்தான் சொல்றேன். வெட்டாத. ஜூன் மூணாவது சனிக்கிழமை அவ நேர்ல வர்றா. அதுவரைக்கும் கைய வெக்காத, நாங்களும் வெக்க மாட்டோம். தெருவே செத்துக் கெடக்கிற மாதிரி இருக்கணும். நான் என் பழைய சோபாவத் தூக்கி முன்னால போடுறேன். மூலை வீட்டுக்காரன்கிட்ட ஓட்டைக் கார முன்னாடி நிறுத்தச் சொல்லலாம்னு பாத்தேன், அது ஏற்கெனவே அங்கதான் நிக்குது."

"புல்லு வளந்தா நகராட்சிக்காரன் வந்து அபராத நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவான் வாண்டா," என்றார் அப்பா.

"ஒட்டட்டுமே. இன்னும் லட்சணமா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. பியர் போத்தலின் ஒட்டுக் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு ஒஹையோல இன்னொரு ஊரும் பிடிச்சிருக்காம். ஷெரியே சொன்னா," என்றாள் வாண்டா. "அங்க போகட்டும்."

"அங்கயும் யாராச்சும் குடியிருப்பாங்கல்ல?" என்றார் அப்பா.

வாண்டா தன் சிகரெட்டின் நுனியைப் பார்த்தாள். "இருப்பாங்க," என்றாள். "அவங்களும் புல்ல வளத்துக்கட்டும்."

அந்த ஜூனில் மழையும் வெயிலும் மாறி மாறி வந்தன. புல்லுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முதல் வாரம் கணுக்காலை மறைத்தது. பிறகு மஞ்சள் பூக்கள் வந்து, பூக்கள் நரைத்து, நரைத்த பஞ்சு காற்றில் பறந்தது. காலி மனைகளில் புல் கதிர்விட்டு, காற்று வீசும்போது நீர் போல மடிந்து நிமிர்ந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் ஒரு கணம் நின்று பார்ப்பேன். எங்கள் வீடு ஒரு பச்சை ஏரியின் கரையில் இருப்பது போலவும், சாலையில் வருபவர்களுக்கு அக்கரை சேர வழியில்லாதது போலவும் தோன்றும்.

அப்பாவுக்கு அது அழகாகத் தெரியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, ஒழுங்காக வளர்க்காத பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்ப்பார். இரண்டாவது வாரம் வராந்தாவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். முன் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தேய்த்து வைத்தேன். அவர் எழுந்து வரவில்லை.

"சர்ச்சுக்கு வரலியாப்பா?"

"டெல்மர் கேப்பான். என்னடா லைல், மெஷின் ரிப்பேரா, நான் வரட்டுமாம்பான். அங்க நின்னுக்கிட்டு அவன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

டெல்மர் தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவின் நாற்பது வருஷ நண்பர். போன கோடையில் இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருந்த ஓர் ஆசிரியையின் வீட்டுப் புல்லை இவர்கள் இருவரும்தான் பருவம் முழுக்க வெட்டினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை. அடுத்த ஞாயிறும் அப்பா சர்ச்சுக்குப் போகவில்லை. தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மளிகைக் கடையில் டெல்மரின் மனைவி லோயிஸ் என்னைப் பார்த்துத் தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"அப்பா எப்படியிருக்காரு கண்ணு?"

"இருக்காரு," என்றேன். முட்டை விலையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். லோயிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். தேவைக்கு அதிகமான நேரம் பிடித்திருந்தாள். வீட்டை விற்கிற செய்தி அவளுக்கும் தெரிந்திருக்கும் போல, அதற்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மரிஸா வருவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை எனக்குக் காலைப் பணி. நோயாளிகளின் தட்டுகளை அடுக்கும்போது என் மனம் முழுக்கப் புல்தான். அந்தப் பெண் காரை விட்டு இறங்குவாள். புல் அவள் முழங்காலைத் தொடும். சோபாவைப் பார்ப்பாள், ஓட்டைக் காரைப் பார்ப்பாள். மறுபடியும் காரில் ஏறிக்கொள்வாள். ஒஹையோவில் ஒரு தெரு, அதில் ஒரு வராந்தா, அங்கே என்னைப் போல ஒருத்தி. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அடுத்த தட்டை எடுத்தேன்.

மதியம் வீட்டுக்குத் திரும்பியபோது தெருமுனைக்கு வரும் முன்பே சத்தம் கேட்டது. முதலில் தேனீக்கள் என்று நினைத்தேன். பிறகு அந்த வாசனை வந்தது.

தெரு முழுக்கப் பிக்கப் வண்டிகள் நின்றன. ஏழெட்டுப் புல்வெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சர்ச்சு ஆட்கள். வெயில் தொப்பிகளும் காது மூடிகளும் போட்டுக்கொண்டு, ஐந்து வீடுகளுக்கும் பிரிந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வராந்தாப் படியில் அலுமினியத்தாள் மூடிய கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. நூடுல்ஸும் கோழியும், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். நோய் வந்த வீட்டுக்கு வரும் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கும், திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

வாண்டா தன் சோபாவில் நடுப்புல்லில் உட்கார்ந்திருந்தாள். வாயில் பற்றவைக்காத சிகரெட். ஓர் ஆள் அவளைச் சுற்றி வெட்டி வந்து, "காலக் கொஞ்சம் தூக்குங்க வாண்டா," என்றார். அவள் தூக்கினாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"எழுந்திரிங்க, இந்தச் சோபாவக் குப்பைமேட்டுக்கு நாங்களே கொண்டுபோயிடுறோம். ஒத்த ஆளா வெளிய இழுத்துப் போட்டிருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கு அது வேணும்," என்றாள் வாண்டா.

"சும்மா கூச்சப்படாதீங்க."

பேருந்தையே அதட்டி உட்காரவைக்கும் அந்தக் குரல் அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. எழுந்து நின்றாள். சோபா வண்டியில் ஏறிப் போனது.

அப்பா வராந்தாவில் காலுறையோடு நின்றிருந்தார். அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைக்க முயன்றுகொண்டிருந்தார் டெல்மர்.

"நீ ஒக்காரு லைல். நீ நிக்கிறதப் பாத்தா எனக்குப் பக்குன்னு இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல டெல்மர்."

"அப்படித்தான் சொல்லுவேன்னு இவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்." டெல்மரின் கண்கள் கலங்கியிருந்தன. "போன ஒரு வாரமா நான் தூங்கல தெரியுமா? இந்தப் பக்கமாப் போன ஒரு பையன் பாத்துட்டு வந்து சொன்னான். லைல் வீட்டுப் புல்லு முழங்காலுக்கு நிக்குதுன்னான். நான் நம்பல. நானே வண்டிய எடுத்துக்கிட்டு வந்து பாத்தேன். திரையெல்லாம் மூடிக் கெடந்துது. நேரா வீட்டுக்குப் போயி லோயிஸ்கிட்ட அழுதுட்டேன்டா."

நான் டெல்மரைப் பக்கத்தில் அழைத்தேன். "நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். புல்வெட்டிகளின் சத்தத்தில் அவர் காதோரம் கையைக் குவித்தார்.

"என்னம்மா?"

நாங்கள் வேண்டுமென்றே வளர்த்தோம் என்று சொல்ல வேண்டும். நீங்கள் வெட்டுவது புல்லை அல்ல, எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலியை என்று சொல்ல வேண்டும். அவருடைய மூக்கு நுனியில் வேர்வைத் துளி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் புல் துகள் ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

"குடிக்கத் தண்ணி கொண்டாரட்டுமான்னு கேட்டேன்," என்றேன்.

நான் தண்ணீர் ஜாடியோடு வெளியே வந்தபோது அப்பா காலணியை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் காலி மனையின் மேல் இருந்தது. அங்கே ஓர் ஆள் குறுக்கும் நெடுக்குமாக வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கோணலாப் போறான்," என்றார்.

"அப்பா, வேண்டாம்." அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். "அவ வர்ற நேரம்."

"தெரியும்மா," என்றார். "தெரியும்." என் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்துவிட்டார். கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. வண்டி இருமி இருமிக் கிளம்பியது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் வண்டிகளை நிறுத்திக் கைதட்டினார்கள். இரண்டு வாரமாக வளைந்திருந்த அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. அவர் போன இடமெல்லாம் கோடுகள் நேராகிக்கொண்டே வந்தன. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் கொடுமை.

மரிஸா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. காரிலிருந்து இறங்கியவள் கதவை மூடக்கூட மறந்து நின்றாள்.

"இவங்கல்லாம் ஏதாச்சும் கம்பெனி ஆளுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்ல. பக்கத்துத் தெருக்காரங்க. சர்ச்சுல தெரிஞ்சவங்க."

"எதுக்காக வெட்டுறாங்க?"

"எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "நான் இருந்த கட்டடத்துல எதிர்க் கதவுக்காரர் பேருகூட எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அவர் செத்துப்போனதே நாத்தம் வந்துதான் தெரிஞ்சுது." அதற்குள் லோயிஸ் ஒரு காகிதத் தட்டில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத் துண்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டாள், யார் எவர் என்று கேட்காமலே. மரிஸா நின்றபடியே சாப்பிட்டாள். பசியோடு இருந்தாள்.

அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். "நீங்க இத வாங்கினா நாங்க இங்க இருக்க முடியாது."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "ஏன்? நான் யாரையும் வெளிய போகச் சொல்லப்போறதில்லியே."

"வாடகை ஏத்துவீங்க."

"கடன் வாங்கித்தான் வாங்குறேன். கொஞ்சம் ஏத்தித்தான் ஆகணும்." பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டாள். "உங்களால எவ்வளவு குடுக்க முடியும், சொல்லுங்க."

சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தாள். அவள் உதடுகள் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. நான் காத்திருந்தேன். புல்வெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியில் அப்பாவுடையது மட்டும் கேட்டது.

"தவணைக்கே பத்தாதுங்க," என்றாள் மெதுவாக. "அங்க என் வாடகைய ஏத்தினதாலதான் நானே கிளம்பி வந்தேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரணும். இருக்கிறதெல்லாம் இதுலதான் போடுறேன். நான் வாங்கலேன்னா நாளைக்கு ஏதாச்சும் கம்பெனிக்காரன் வாங்குவான். அவன் உங்ககிட்ட நின்னு பேசக்கூட மாட்டான்."

அது உண்மைதான். அவளைத் திட்ட ஒரு வார்த்தையைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் கையிலிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டு கடைசியில் காலி செய்தோம். வாண்டா அவள் தங்கையின் டிரெய்லர் வண்டி வீட்டில் ஓர் அறைக்குப் போனாள். எங்களுக்கு ஊரிலிருந்து காரில் நாற்பது நிமிடத் தூரத்தில், சோளக்காட்டுக்கு நடுவில், ஒருவர் தன் டிராக்டர் கொட்டகைக்கு மேலே கட்டியிருந்த இரண்டு அறைகள் கிடைத்தன. கீழே சரளைக் கல். ஒரு புல்கூடக் கிடையாது.

சாமான் ஏற்ற அதே சர்ச்சு ஆட்கள் வந்தார்கள், அதே வண்டிகளோடு, அதே தட்டுகளோடு. காலை உணவுக்கு முன் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். எதையும் உடைக்கவில்லை. மறைந்த அம்மாவின் கண்ணாடி அலமாரியைக் குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். இத்தனை கைகள் இருந்தும் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். டெல்மருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. வாண்டா சொல்லியிருந்தாள், நல்ல வார்த்தைகளில் சொல்லியிருக்க மாட்டாள். எல்லாம் ஏற்றிய பிறகு டெல்மர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினார்.

"லைல், அன்னிக்கு நான்..."

"நல்லாத்தான் வெட்டினீங்க," என்றார் அப்பா. "ஓரம் மட்டும் சரியா வரல."

டெல்மர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்பா அவர் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

செப்டம்பரில் மரிஸா தொலைபேசியில் பேசினாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். தெருவின் புல்லை யாரும் அந்த மாதிரி வெட்டுவதில்லையாம். ஐந்து வீடுகளுக்கும் இரண்டு மனைகளுக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிறாளாம், ஹட்சல் ஐயாவுக்கு மனம் இருந்தால்.

"முடியாதுன்னு சொல்லிடட்டுமாப்பா?" என்றேன், தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு.

அப்பா ஜன்னல் வழியே சரளைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமைன்னா சரி," என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. புல்வெட்டும் வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிய இழுவைத் தட்டில் ஏற்றிக் கட்டி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் போகிறேன். அவள் தருவதில் பெட்ரோலுக்கே பாதி போய்விடுகிறது. பனி காயும் வரை இருவரும் காருக்குள் இருந்து ஃபிளாஸ்க் காபி குடிக்கிறோம். எங்கள் வீட்டின் கதவு மஞ்சளாகிவிட்டது. உள்ளே ஓர் இளைஞன் இருக்கிறான். நாள் முழுக்கக் கணினியோடு பேசுகிறவன். ஒரு தடவை வராந்தாவுக்கு வந்து அப்பாவிடம் ஒரு புட்டித் தண்ணீர் கொடுத்தான்.

"ரொம்ப அழகா வெட்டுறீங்க. இந்தப் பக்கம் பழக்கமா உங்களுக்கு?"

"கொஞ்சம் பழக்கம்," என்றார் அப்பா. தண்ணீரைக் குடித்துவிட்டு, புட்டியை எங்கே போடுவது என்று தெரியாதவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு குப்பைத் தொட்டி எப்போதும் இருக்கும் பக்கவாட்டுக்குப் போனார். அது இப்போது அங்கே இல்லை. புட்டியைக் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

போன வாரம் இந்தப் பருவத்தின் கடைசி வெட்டு. மேப்பிள் இலைகள் விழத் தொடங்கிவிட்டன. அப்பா கடைசிக் கோட்டை முடித்து, சாலையோரம் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்தார்.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்குப்பா."

அப்போது வெளி மாநில எண் கொண்ட கார் ஒன்று தெருவுக்குள் வந்தது. மெதுவாக, மிக மெதுவாக வந்து எங்களுக்கு எதிரே நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு கை போனை நீட்டிப் புல்தரையைப் படமெடுக்கப் பார்த்தது. அப்பா முதலில் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார்.

"இருங்க," என்று கையை உயர்த்தினார். குனிந்து, புல்வெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு, படத்தில் விழாதபடி ஓரமாக வந்து என் பக்கத்தில் நின்றார்.